ஸ்டேட்டஸ் போட்டும் ஆள் வரவில்லையா? ஒவ்வொரு கோளாறாகப் பார்ப்போம்

கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் வீட்டிலேயே ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸும் முந்திரிக்கொத்துப் பலகாரமும் போட்டு விற்கிறேன். எங்கள் மகளிர் குழுவில் இருக்கிற அக்காமார், சித்திமார் என்று பலரும் இப்போது போனை வைத்துத்தான் விற்கிறார்கள். தேன், கருவாடு, தைத்த நைட்டி, கேக், தோவாளைப் பூவில் கட்டிக் கொடுக்கிற கல்யாண மாலை என்று எல்லாமும் உண்டு. வாரத்துக்கு இரண்டு மூன்று பேராவது "மக்ளே, போட்டத ஒருத்தரும் பாக்கலியே, போனுல என்னமோ கோளாறு" என்று போனைக் கொண்டுவந்து நீட்டுவார்கள். வாங்கிப் பார்த்தால் பெரும்பாலும் போன் நன்றாகத்தான் இருக்கும், போட்டது யாருக்குப் போகிறது என்பதில்தான் எங்கேயோ ஒரு முடிச்சு விழுந்திருக்கும். வீட்டாரோடு நிற்க வேண்டியது ஊருக்குப் போயிருக்கும், ஊருக்குப் போக வேண்டியது வீட்டாரோடு நின்றிருக்கும். அதனால் எந்தக் கோளாறு என்றாலும் "இது இப்போது யார் கண்ணில் படுகிறது?" என்று முதலில் கேட்டுப் பாருங்கள். வரிசையாகப் படிக்க வேண்டாம், உங்கள் கோளாறு எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடலாம்.

"ஸ்டேட்டஸைப் பத்துப் பதினைந்து பேர்தான் பார்க்கிறார்கள்"

வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் ஒருவருக்குத் தெரிய வேண்டுமானால் அவர் எண் உங்கள் போனிலும் உங்கள் எண் அவர் போனிலும் பதிந்திருக்க வேண்டும். முதல் பாதியை எல்லாரும் செய்துவிடுகிறார்கள், "சிப்ஸ் அக்கா மேட்டுக்கடை", "சிப்ஸ் பேங்க் சார்" என்றெல்லாம் பதிந்து வைத்திருப்பார்கள். மறுபாதிதான் சிக்கல். வாங்கினவர் நம் எண்ணைப் பதிவதில்லை, ஒருதடவை ஆர்டர் சொல்லிவிட்டு அப்படியே விட்டுவிடுகிறார், அப்புறம் நாம் எத்தனை ஸ்டேட்டஸ் போட்டாலும் அவருக்கு ஒன்றும் தெரியாது.

நான் செய்தது இதுதான். பாக்கெட்டில் ஒட்டுகிற சீட்டில் எண்ணுக்குக் கீழே "இந்த எண்ணைப் பதிந்து வையுங்கள், என்றைக்குச் சுடச்சுட போடுகிறோம் என்று ஸ்டேட்டஸில் தெரியும்" என்று ஒரு வரி சேர்த்தேன். கையில் கொடுக்கும்போது வாய்விட்டும் கேட்டேன். கேட்டால் யாரும் முகம் சுளிப்பதில்லை, அங்கேயே போனை எடுத்துப் பதிந்துவிடுகிறார்கள். இருபதுக்குள் நின்றுகொண்டிருந்த எண்ணிக்கை கொஞ்ச மாதத்தில் நூறைத் தாண்டியது, அதற்கு நான் வேறு எந்த வித்தையும் செய்யவில்லை.

அப்படியும் கூடவில்லை என்றால் பிரைவசிக்குள் போய் ஸ்டேட்டஸ் என்ற இடத்தைத் திறந்து பாருங்கள். எங்கள் சித்தி ஒருதடவை மகள் சடங்குப் படத்தைச் சொந்தக்காரர்களுக்கு மட்டும் காட்ட "ஒன்லி ஷேர் வித்" என்று வைத்திருக்கிறார். அது அப்படியே நிலைத்துவிட்டது. பிறகு ஆறு மாதம் அவர் போட்ட தேன் படங்களெல்லாம் அந்தப் பன்னிரண்டு சொந்தக்காரர்களுக்கு மட்டுமே போய்க்கொண்டிருந்தன.

நேரமும் ஒரு காரணம். ஸ்டேட்டஸ் 24 மணி நேரம்தான் நிற்கும். தோவாளையில் பூ வியாபாரம் விடியலோடு சூடு பிடித்து, வெயில் ஏறினால் அடங்கிவிடுகிற சந்தை. அங்கேயிருந்து பூ எடுக்கிற அக்கா காலை பத்து மணிக்கு விலை போட்டு என்ன பயன்? நாளைக்கு விசேஷம் வைத்திருக்கிறவர்கள் முந்தின நாள் சாயங்காலம்தான் போனைப் பார்ப்பார்கள், அப்போது போட வேண்டும்.

"பிராட்காஸ்ட் அனுப்பினால் பாதிப் பேருக்குப் போகவே இல்லை"

பிராட்காஸ்ட் என்றால் ஒரே செய்தியைப் பலருக்கும் தனித்தனியாக அனுப்புகிற பட்டியல். காரணம் அதேதான், உங்கள் எண்ணைப் பதிந்தவர்களுக்கு மட்டுமே அது போகும். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம் என்பதால் ஊரிலுள்ள எல்லாரையும் சேர்த்துவிடத் தோன்றும், ஆனால் பதியாதவர்களைச் சேர்த்து ஒரு பலனும் இல்லை.

இதற்கு மாற்று என்று நினைத்துச் சிலர் குரூப் ஆரம்பித்து வாடிக்கையாளர்களை எல்லாம் கேட்காமலே உள்ளே இழுத்துப் போடுகிறார்கள். தயவுசெய்து இதைச் செய்யாதீர்கள். குரூப்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் மற்ற எல்லாருடைய எண்ணும் தெரியும். நம்மிடம் நைட்டி வாங்குகிற ஒரு பெண்ணின் எண்ணை, அவளுக்கு முன்பின் தெரியாத நூறு பேர் கையில் கொடுக்க நமக்கு என்ன உரிமை இருக்கிறது? வாட்ஸ்அப் சேனல் 2023 செப்டம்பரிலிருந்து இந்தியாவில் இருக்கிறது. அதில் சேருகிறவர்களின் எண் மற்றவர்களுக்குத் தெரியாது, நாம் போடுவதை அவர்கள் பார்ப்பார்கள், அவ்வளவுதான். விருப்பப்பட்டவர் சேருவார், வேண்டாம் என்றால் போய்விடுவார்.

"எண்ணையே முடக்கிவிட்டார்கள்"

பதியாத எண்களுக்கெல்லாம் ஒரே செய்தியைத் தள்ளினால், அது கிடைத்தவர்கள் பிளாக் செய்வார்கள், புகார் கொடுப்பார்கள். அப்படிச் சேரச் சேர எண் முடங்கும். இன்னொரு காரணம், கூடுதல் வசதி இருக்கிறது என்று யாரோ சொல்லி ஏற்றின போலி வாட்ஸ்அப். அப்படி ஏற்றியிருந்தால் உடனே எடுத்துவிட்டு அசல் செயலியைப் போடுங்கள். முடங்கின திரையிலேயே மறுபரிசீலனை கேட்கிற பொத்தான் இருக்கும், அதை அழுத்தி என்ன நடந்தது என்று நேர்மையாக எழுதிக் காத்திருக்க வேண்டியதுதான்.

இதில் மனசு வலிக்கிற விஷயம் என்னவென்றால், பெரும்பாலானவர்கள் வீட்டு எண்ணிலேயே கடையையும் நடத்துகிறார்கள். கடைக்காக எண் முடங்கினால் வெளிநாட்டில் இருக்கிற வீட்டுக்காரரோடு பேசுகிற வழியும் அதோடு போய்விடுகிறது. கடைக்கு ஒரு தனி எண் வையுங்கள். வாட்ஸ்அப் பிசினஸ் என்ற செயலி 2018 முதல் இலவசமாக இருக்கிறது, வீட்டு வாட்ஸ்அப் இருக்கிற அதே போனில் வேறு எண்ணில் போட்டுக்கொள்ளலாம். கடையில் லேண்ட்லைன் இருந்தால் அந்த எண்ணிலும் தொடங்கலாம், சரிபார்க்கிற எண்ணை அழைத்துச் சொல்வார்கள். அதில் பொருட்களுக்குப் படமும் விலையும் போட்டு ஒரு கேட்டலாக் வைத்துவிட்டால் "என்னெல்லாம் உண்டு?" என்று கேட்பவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் எட்டுப் படம் அனுப்ப வேண்டியதில்லை.

"பிள்ளை படம் போட்டால் நூறு லைக், சிப்ஸ் படம் போட்டால் நாலு"

எனக்கு வருகிற கேள்விகளில் அதிகம் இதுதான், மனசு உடைந்து கேட்பதும் இதைத்தான். "சொந்தக்காரங்களே நாம முன்னேறதைப் பாக்கப் பொறுக்க மாட்டாங்க" என்ற முடிவுக்கே சிலர் வந்துவிடுகிறார்கள். அப்படி நினைக்க வேண்டாம். உங்கள் கணக்கில் இருக்கிறவர்கள் மாமா, மதினி, கூடப் படித்தவர்கள், கோயில் ஆட்கள், பள்ளி ஆட்கள். அவர்கள் உங்களைப் பார்க்க வந்தவர்கள், உங்கள் பிள்ளை எத்தனை வளர்ந்திருக்கிறான் என்று பார்க்க வந்தவர்கள். அவர்கள் வீட்டிலும் ஏத்தங்குலை தொங்குகிறது, அவர்களும் சிப்ஸ் போடத் தெரிந்தவர்கள்தான். அவர்களிடம் சிப்ஸ் படத்தைக் காட்டினால் பார்த்துவிட்டுத் தாண்டிப் போவார்கள். அப்படித் தாண்டிப் போகப் போக, இந்தக் கணக்கில் வருகிற பதிவுகளில் ஆட்களுக்கு ஆர்வம் இல்லை என்று செயலியும் முடிவு செய்துகொண்டு இன்னும் குறைவான பேருக்குக் காட்டும்.

சரி செய்ய இரண்டு வாசல் வைக்க வேண்டும், வீட்டுக்கு ஒன்று, கடைக்கு ஒன்று. ஃபேஸ்புக்கில் சொந்தக் கணக்கில் 5,000 நண்பர்களுக்கு மேல் சேர்க்க முடியாது, அதைப் பெரும்பாலும் வியாபாரத்துக்கென்றே ஓட்டுவது அவர்கள் விதிக்கும் விரோதம், அதனால் கடைக்குத் தனியாகப் பேஜ் தொடங்குங்கள். இன்ஸ்டாகிராமில் கடைக்குப் புதிதாகவே ஒரு கணக்குத் தொடங்குங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். பழைய சொந்தக் கணக்கை "பிசினஸ்" என்று மாற்றிவிட்டால் அதை மூடி வைக்கவே முடியாது, தொழில்முறைக் கணக்குகள் எல்லாருக்கும் திறந்துதான் இருக்கும். பத்து வருடமாகச் சொந்தங்களுக்கு மட்டும் போட்டு வைத்த குழந்தைப் படங்கள், வளைகாப்புப் படங்கள் எல்லாம் ஒரே நிமிடத்தில் ஊர் பார்வைக்கு வந்துவிடும். குழித்துறையில் ஒரு தங்கை இப்படி மாற்றிவிட்டு இரவெல்லாம் உட்கார்ந்து ஒவ்வொரு படமாக ஆர்க்கைவ் செய்து மறைத்தாள்.

அதற்காகக் கடைக் கணக்கில் மனுஷ வாடையே இருக்கக் கூடாது என்று சொல்லவில்லை. அம்மா அடுப்பு முன்னால் நின்று சீவுகட்டையை வைத்துக் கொதிக்கிற தேங்காயெண்ணெய்க்குள் நேராகவே காயைச் சீவி விழவிடுகிற வீடியோ எங்கள் பக்கத்திலேயே அதிகம் பார்க்கப்பட்டது. அம்மா கையும் அதில் இருக்கிறது, சிப்ஸும் இருக்கிறது, சுற்றி வருகிற பொரிகிற சத்தமும் இருக்கிறது. வேலை செய்கிற கையைக் காட்டுங்கள். பிறந்தநாள் கேக் வெட்டுவதை வீட்டு வாசலில் வைத்துக்கொள்ளுங்கள்.

"தேடினால் நம் கடை வருவதே இல்லை"

இதில் நம் மாவட்டத்துக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாம் பேசுகிற சொல் வேறு, வெளியூர்க்காரர் தேடுகிற சொல் வேறு. நமக்கு ஏத்தங்காய், அவர்களுக்கு நேந்திரங்காய். நமக்கு மரச்சீனி, அவர்களுக்கு மரவள்ளிக்கிழங்கு. முந்திரிக்கொத்து என்று போட்டால் சென்னையிலிருந்து "முந்திரிப்பருப்பே காணோமே, ஏமாற்றுகிறீர்களா?" என்று கேட்டு எழுதியவர்கள் உண்டு. அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. நம் பக்கம் முந்திரி என்றால் கொடியில் காய்க்கிற திராட்சை, மற்றவர்கள் சொல்கிற முந்திரிப்பருப்பை அண்டிப்பருப்பு என்போம். சிறுபயறை வறுத்து, கருப்பட்டிப் பாகில் உருட்டி, மூன்று உருண்டையை ஒட்டி மாவில் முக்கிப் பொரித்தால் திராட்சைக் கொத்து மாதிரி வரும், அதுதான் பெயர். இது நமக்குத் தெரியும், கோயம்புத்தூரில் இருக்கிறவருக்கு எப்படித் தெரியும்?

ஆக, நம் சொல்லை விடவே வேண்டாம், அதுதான் நம் சரக்கின் அடையாளம். ஆனால் படத்துக்குக் கீழே எழுதுகிற முதல் இரண்டு வரியில் நம் சொல்லும் அவர்கள் சொல்லும் இரண்டும் இருக்கட்டும்: "ஏத்தங்காய் (நேந்திரம்) சிப்ஸ், தேங்காயெண்ணெயில் போட்டது, தக்கலை, நாகர்கோவில், கன்னியாகுமரி மாவட்டம்." ஊர்ப் பெயரைத் தமிழிலும் ஆங்கில எழுத்திலும் போடுங்கள், ஏனென்றால் தேடுகிறவர்களில் பலர் ஆங்கில எழுத்தில்தான் தட்டுகிறார்கள். ஹேஷ்டேக்கை அள்ளிக் கொட்டுவதைவிட ஊரும் பொருளும் சொல்லுகிற மூன்று நாலு போதும். தொழில்முறைக் கணக்கில் வெளிப்படையாகப் போடுகிற இன்ஸ்டாகிராம் பதிவுகள் 2025 ஜூலை முதல் கூகுள் தேடலிலும் வர வழி திறந்திருக்கிறது, அதனால் அந்த இரண்டு வரிக்கு முன்பைவிட மதிப்பு கூடியிருக்கிறது. கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்ததிலிருந்து அந்தப் பெயரைக் கேள்விப்பட்டுத் தேடுகிறவர்களும் இருக்கிறார்கள். மட்டி விற்கிறவர்கள் வெறுமனே "பழம் ரெடி" என்று போட்டால் அவர்கள் எப்படி உங்களிடம் வந்து சேருவார்கள்?

கூகுள் மேப்பில் கடையைப் பதிவது இலவசம். வீட்டிலிருந்து விற்கிறவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்குக் கொடுப்போம் என்று மட்டும் காட்டலாம்.

"ரீல் ஓடவே மாட்டேன் என்கிறது"

முதலில் இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் அக்கவுண்ட் ஸ்டேட்டஸ் என்ற இடத்தைப் பாருங்கள். உங்கள் பதிவு ஏதாவது விதி மீறியிருக்கிறதா, புதிய ஆட்களுக்குப் பரிந்துரைக்கத் தடை இருக்கிறதா என்று அங்கேயே எழுதியிருக்கும். அங்கே பச்சையாக இருந்தால் தடை எதுவும் இல்லை, வீடியோவைத்தான் பார்க்க வேண்டும்.

இன்ஸ்டாகிராமின் தலைவர் ஆடம் மொசேரி 2025 தொடக்கத்தில், ஒரு பதிவு எத்தனை பேருக்குப் போகும் என்பதில் முக்கியமானவை என்று மூன்று விஷயங்களைச் சொன்னார்: எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள், எத்தனை பேர் லைக் போடுகிறார்கள், எத்தனை பேர் இன்னொருவருக்கு அனுப்புகிறார்கள். புதிய ஆட்களைச் சென்றடைய இந்த அனுப்புவது பெரிதும் உதவும் என்றார். இதை மனதில் வைத்து உங்கள் ரீலைப் பாருங்கள். கடைப் பெயர்ப் பலகை, அப்புறம் பூ விழுகிற அலங்காரம், அப்புறம் "வணக்கம் நண்பர்களே" என்று தொடங்கினால் சரக்கு கண்ணில் படும் முன்னே ஆள் போய்விடுவார். எண்ணெயில் காய் விழுகிற இடத்திலிருந்து தொடங்குங்கள். ஒருவர் இன்னொருவருக்கு அனுப்ப ஒரு காரணமும் இருக்கட்டும். துபாயில் இருக்கிற அண்ணனுக்கு "பாருடா நம்ம ஊரு" என்று அனுப்பத் தோன்ற வேண்டும். நம் மாவட்டத்தில் வெளிநாட்டில் ஆள் இல்லாத வீடு குறைவு, அந்த ஏக்கம் பொய்யில்லை, அதை மதித்து எடுத்தால் தானாகப் போகும்.

வேறு செயலியின் முத்திரை ஓரத்தில் ஆடுகிற வீடியோவை அப்படியே ஏற்றாதீர்கள், அதை இன்ஸ்டாகிராம் அதிகம் பரிந்துரைக்காது. மாத்தூர் தொட்டிப்பாலத்தையும் திற்பரப்பு அருவியையும் காட்டிவிட்டுக் கடைசி இரண்டு நொடி கடைப் படம் போடுகிறவர்களும் உண்டு, பார்வை ஏறும், ஆர்டர் ஏறாது, வந்தவர்கள் அருவிக்காக வந்தவர்கள்.

ரீல் போடுகிற பெரிய கணக்குக்காரர் யாருக்காவது இலவசமாகச் சரக்கு அனுப்பிப் பேசச் சொல்கிறீர்களா? அப்படியானால் அது விளம்பரம் என்று அவர் தெளிவாகக் காட்ட வேண்டும். மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதலில் பணம் மட்டுமல்லாமல் இலவசப் பொருளும் அடங்கும்.

"மற்றவர்களுக்கு வருகிற பாட்டு எனக்கு வரவில்லை"

கணக்கு பிசினஸ் வகையில் இருந்தால் சினிமாப் பாட்டுப் பட்டியல் சுருங்கிவிடும், அந்தப் பாட்டுகளுக்கு வாங்கின உரிமை வியாபாரத்துக்குச் செல்லாது. போனில் பாட்டை ஓடவிட்டு வீடியோ எடுத்து ஏற்றினால் சத்தத்தை ஊமையாக்கிவிடுவார்கள். ஃபேஸ்புக்கையும் இன்ஸ்டாகிராமையும் நடத்துகிற மெட்டாவின் சவுண்ட் கலெக்‌ஷனில் உரிமைத் தொல்லை இல்லாத இசை இருக்கிறது. நான் அதையும் விட்டுவிட்டேன், பொரிகிற சத்தத்தையே வைக்கிறேன்.

"படம் மங்கலாகத் தெரிகிறது"

கேமரா கண்ணாடியில் எண்ணெய்ப் பிசுக்கு. சமையல் வேலை செய்கிற எங்கள் எல்லார் போனிலும் இதுதான். துணியால் துடையுங்கள். பிறகும் மங்கல் என்றால் இன்ஸ்டாகிராம் செட்டிங்ஸில் உயர்ந்த தரத்தில் ஏற்றுகிற பொத்தானைத் தட்டி வையுங்கள், வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஹெச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள், வாட்ஸ்அப்பில் வந்த படத்தை எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுவதை நிறுத்துங்கள்.

"விலை கேட்கிறார்கள், அப்புறம் ஆளைக் காணோம்"

விலையை மறைத்து வைத்து "இன்பாக்ஸில் வாருங்கள்" என்று போடுகிற பழக்கத்தை விட்டுவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட்டே பாதிப் பேர் போய்விடுவார்கள். கேட்டவருக்கும் நாம் அடுப்படியில் நின்றுவிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் பதில் சொன்னால் அதற்குள் அவர் பக்கத்துக் கடையில் வாங்கியிருப்பார். எடை, விலை, கூரியர் கட்டணம், எத்தனை நாளில் கிடைக்கும், எத்தனை நாள் கெடாமல் இருக்கும், இந்த ஐந்தும் பதிவிலேயே இருந்தால் கேட்பவர் குறைவார், வாங்குபவர் கூடுவார்.

"விலை மாறிக்கொண்டே இருக்கிறதே, எப்படிப் போடுவது?" என்று கேட்பார்கள். உண்மைதான், ஓணம் நெருங்கினால் ஏத்தங்காய் விலை எகிறும். அதற்கு விலையை மறைக்க வேண்டாம், தேதியோடு போடுங்கள்: "இந்த வாரம் மட்டும் இந்த விலை." காய் விலை ஏறியிருக்கிறது என்று ஒரு வரி எழுதினால் ஆட்களுக்குப் புரியும், அவர்களும் சந்தைக்குப் போகிறவர்கள்தானே.

தின்கிற பொருள் விற்கிறவர்கள் எஃப்எஸ்எஸ்ஏஐ (இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு எடுத்து அந்த 14 இலக்க எண்ணைச் சீட்டில் அச்சிட்டு, அந்தச் சீட்டையும் ஒரு படமாகப் போடுங்கள். முன்பின் பார்க்காத ஒருவர் நம்மை நம்பிப் பணம் அனுப்ப அது ஒரு காரணம்.

"பூஸ்ட் போட்டேன், காசுதான் போனது"

பூஸ்ட் என்றால் காசு கொடுத்துப் பதிவை இன்னும் அதிகம் பேருக்குக் காட்ட வைப்பது. எதற்குப் பூஸ்ட் என்று கேட்கிற இடத்தில் பலரும் லைக் வருகிற வழியைத் தட்டிவிடுகிறார்கள். லைக் போடுகிற பழக்கமுள்ள ஆட்களாகத் தேடிப்பிடித்து அது காட்டும், லைக்கும் வரும், அதோடு முடிந்தது. ஆர்டர் வேண்டுமென்றால் செய்தி அனுப்புவதை நோக்கமாகத் தேர்ந்தெடுங்கள்.

அடுத்தது இடம். மார்த்தாண்டத்தில் குத்தி 25 கிலோமீட்டர் வட்டம் போட்டால் களியக்காவிளையைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லாம் உள்ளே வந்துவிடும். தமிழ் விளம்பரம் மலையாளம் மட்டும் படிக்கிறவர்களுக்குப் போய்க்கொண்டிருக்கும், காசு கரையும். கேரளத்துக்கும் கொடுக்கிறோம் என்றால் அதற்கு மலையாளத்தில் தனியாக ஒன்று போடுவதே முறை. இல்லையென்றால் வட்டத்தைச் சுருக்கி, தக்கலை, நாகர்கோவில், குளச்சல் என்று ஊர் ஊராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கன்னியாகுமரி ஊரைச் சேர்க்கும்போது யோசியுங்கள், அங்கே குடியிருப்பவர்கள் மட்டுமல்லாமல் அண்மையில் வந்து போனவர்களும் அந்தக் கணக்கில் வருவார்கள். தங்கும் அறை விடுகிறவர் விளம்பரம் போட்டால், சூரிய உதயம் பார்க்க வந்து ஊருக்கு ரயிலேறிவிட்டவர்களுக்கும் அது போகிறது. கூரியரில் சிப்ஸ் அனுப்புகிறவர்களுக்கு அதே ஆட்கள் நல்ல ஆட்கள்.

விளம்பரத் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும், அதையும் சேர்த்துக் கணக்குப் பாருங்கள். பூஸ்ட் போடாமலே நன்றாக ஓடின பதிவுக்கு மட்டும் காசு போடுங்கள். ஓடாததைக் காசு போட்டுத் தூக்க முயன்று நான் நஷ்டப்பட்டிருக்கிறேன்.

"வீட்டு விஷயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது"

வீட்டுக்காரர் கப்பலுக்குக் கிளம்புகிற அன்றைக்கு ஏர்போர்ட் படம், பிள்ளை பள்ளிக்கூடப் பேட்ஜ் தெரிய ஒரு படம், குடும்பத்தோடு வேளாங்கண்ணி போகிற வழியிலிருந்தே ஒரு படம். கடை எண்ணும் வீட்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் இதையெல்லாம் சிப்ஸ் வாங்கினவர்களும் பார்ப்பார்கள். வீட்டில் ஆண் துணை இல்லை, வீடு பூட்டிக் கிடக்கிறது, பிள்ளை எந்தப் பள்ளி என்பதை நாமே சொல்லிவிடுகிறோம். பயமுறுத்தச் சொல்லவில்லை. பயணப் படத்தை ஊர் திரும்பிய பிறகு போட்டால் சந்தோஷம் எதுவும் குறையாது.

ஃபேஸ்புக்கில் பழைய பதிவுகளை எல்லாம் ஒரே தட்டில் நண்பர்களுக்கு மட்டும் என்று மாற்ற வழி இருக்கிறது, பிரைவசிக்குள் "லிமிட் பாஸ்ட் போஸ்ட்ஸ்" என்று தேடுங்கள். இன்ஸ்டாகிராம் ஸ்டோரிக்குக் "க்ளோஸ் ஃப்ரெண்ட்ஸ்" பட்டியல் போடுங்கள். கடை வாட்ஸ்அப்பில் முகப்புப் படமாகக் குடும்பப் படம் வேண்டாம், சரக்கின் படம் போதும். பிள்ளைகள் கொஞ்சம் வளர்ந்துவிட்டால் போடும் முன் அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

"மோசமாகக் கமெண்ட் போட்டுவிட்டார்"

சரக்கைப் பற்றிய குறை என்றால் அழிக்காதீர்கள். காறல் வாடை வருகிறது என்று ஒருவர் எழுதினால் அங்கேயே "எந்தத் தேதி பாக்கெட் என்று சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம்" என்று எழுதி, மாற்றியும் கொடுங்கள். அசிங்கமாக எழுதினால் பதில் வேண்டாம், மறைத்துவிட்டு பிளாக் செய்யுங்கள்.

"நம் பேஜுக்குள் நாமே நுழைய முடியவில்லை"

இது எனக்கே நடந்தது. தொடக்கத்தில் லோகோ வரைந்து கொடுத்த பையன் பேஜையும் அவன் கணக்கிலிருந்தே தொடங்கிக் கொடுத்தான், எனக்குப் பதிவு போடுகிற அனுமதி மட்டும் இருந்தது, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன். அவன் வேலை கிடைத்து வெளியூர் போய், பழைய கணக்கும் எண்ணும் மாறி, ஒருநாள் பேஜ் என் கையில் இல்லை. மூன்று வருடப் படங்கள், வாங்கினவர்கள் எழுதின நல்ல வார்த்தைகள் எல்லாம் அங்கேயே நிற்கின்றன, ஒரு வரி மாற்ற முடியாது. அவன் ஏமாற்றவில்லை, நான் கேட்கவில்லை. இன்றைக்கே உங்கள் பேஜின் செட்டிங்ஸில் பேஜ் அக்சஸ் திறந்து, முழுக் கட்டுப்பாடு உங்கள் பெயரிலும் வீட்டில் நம்பிக்கையான இன்னொருவர் பெயரிலும் இருக்கிறதா என்று பாருங்கள். வேலை செய்து கொடுப்பவருக்குத் தேவையான அளவு அனுமதி மட்டும் போதும்.

கணக்கு திருட்டுப் போயிருந்தால் வழி வேறு. "காப்புரிமை மீறல், 24 மணி நேரத்தில் கணக்கை அழிப்போம், இந்த லிங்கைத் தட்டுங்கள்" என்று செய்தி வந்திருக்கும், பயந்து கடவுச்சொல்லைப் போட்டிருப்பார்கள். இன்ஸ்டாகிராமே அனுப்பின மின்னஞ்சலா என்று செயலிக்குள்ளேயே, கடவுச்சொல்லும் பாதுகாப்பும் என்ற பகுதியில், அண்மை மின்னஞ்சல் பட்டியலில் பார்க்கலாம், அங்கே இல்லையென்றால் போலி. மாட்டிவிட்டால் இன்ஸ்டாகிராம் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு, ஃபேஸ்புக் டாட் காம் ஸ்லாஷ் ஹேக்டு என்ற பக்கங்களில் மீட்கிற வழி தொடங்கும், முதலில் அந்தக் கணக்கோடு சேர்ந்த மின்னஞ்சலைக் காப்பாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் ஆறு இலக்கப் பின் வைக்கிற இரண்டடுக்குப் பாதுகாப்பை எல்லாரும் போட்டாக வேண்டும். ஓடிபி கேட்டு யார் போன் செய்தாலும், அது சொந்தக்காரர் எண்ணிலிருந்தே வந்தாலும், சொல்லக் கூடாது. அவர் கணக்கையே வேறு யாராவது வைத்திருக்கலாம்.

"பணம் அனுப்பிவிட்டேன் என்று படம் வருகிறது, கணக்கில் வரவில்லை"

ஸ்கிரீன்ஷாட் பணம் ஆகாது. வங்கிக் கணக்கில் இருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பாக்கெட்டைக் கையை விட்டு விட வேண்டும். நம் ஆட்களிடம் அடிக்கடி வருகிற வலை ஒன்று உண்டு. ராணுவ முகாமுக்கு என்று சொல்லி இருபது கிலோ, முப்பது கிலோ என்று பெரிய ஆர்டர், விலையே பேச மாட்டார்கள், அப்புறம் "முன்பணம் அனுப்ப இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்து பின் நம்பரைப் போடுங்கள்" என்பார்கள். நமக்குப் பணம் வர பின் நம்பர் தேவையே இல்லை, பின் நம்பரைப் போட்டால் நம் கணக்கிலிருந்துதான் போகும். ஆர்டர் பெரிதாக இருக்கிறதே என்ற சந்தோஷத்தில் இதை மறந்துவிடுகிறோம்.

போய்விட்டது என்றால் வெட்கப்பட்டு வீட்டுக்குள் மறைக்காதீர்கள். உடனே 1930க்கு அழையுங்கள், சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்திலும் பதியலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு அந்தப் பணம் அடுத்த கைக்கு மாறும் முன் நிறுத்த வாய்ப்பு அதிகம். அழைக்கும் முன் பரிவர்த்தனை எண், நேரம், தொகை, அவர்கள் அழைத்த எண், சாட் படங்கள் இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வங்கிக்கும் அன்றைக்கே சொல்லிவிடுங்கள். கோபத்தில் அந்த எண்ணை பிளாக் செய்து சாட்டை அழித்துவிட்டால் காட்ட ஒன்றும் மிஞ்சாது.